எஸ்பிரெஸோ மெஷினில் பம்பும் பாய்லரும் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

இங்கே சொல்வது வீட்டில் வைத்துக்கொள்ளும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வகை மெஷினுக்கு, அதாவது காபிக்கான தண்ணீர் ஸ்டீம் பாய்லருக்குள் ஓடும் ஒரு குழாயில் சூடாகும் வகைக்கு. டேங்கிலிருந்து தண்ணீரை இழுக்கும் வைப்ரேஷன் பம்ப், 1 முதல் 2 லிட்டர் பாய்லர், தண்ணீர் மட்டத்தைப் பார்க்கும் ஒற்றை புரோப், நிரப்பும் சோலனாய்டு வால்வு (கரண்ட் கொடுத்தால் திறப்பது), இவற்றை இயக்கும் கன்ட்ரோல் பாக்ஸ் என்று அமைப்பு இருக்கும். இரட்டை பாய்லர் மெஷினிலும் ஸ்டீம் பாய்லர் பக்கம் அநேகமாக இதேதான். பம்பை ரோட்டரியாக (மோட்டார் சுற்றும் பம்பாக) மாற்றியவர்களுக்குக் கடைசியில் தனிப் பகுதி உண்டு.

எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் புது பம்ப் வாங்கி மாட்டுவது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் அது வீண் செலவு. காபி இறங்கும் தலைப்பகுதியான குரூப்புக்கும், பாய்லருக்கும் தண்ணீர் தள்ளுவது ஒரே பம்ப். அதனால் முதலில் பார்க்க வேண்டியது, தண்ணீர் இரண்டு பக்கமும் வரவில்லையா, ஒரு பக்கம் மட்டும் வரவில்லையா என்பதை. இரண்டு பக்கமும் இல்லை என்றால் டேங்க், ஹோஸ், கரண்ட், பம்ப் என்ற வரிசையில் தேடுங்கள். ஒரு பக்கம் ஒழுங்காக வருகிறது என்றால் பம்பைத் தொட வேண்டாம்.

மூடியைக் கழற்றும் முன்

பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. 1.1 பார் அழுத்தத்தில் பாய்லர் தண்ணீர் சுமார் 122 டிகிரியில் இருக்கும். அந்த நிலையில் ஒரு நட்டைத் தளர்த்தினால் வெளியே வருவது பொசுக்கும் ஆவி. ஸ்டீம் வால்வைத் திறந்து அழுத்தத்தை இறக்கி, கேஜ் பூஜ்யத்துக்கு வந்தபின் இன்னும் ஒரு மணி நேரம் ஆறட்டும்.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், 50 மில்லி சிரிஞ்ச், துளையில்லாத பில்டர், டிடிஎஸ் பேனா (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது), டெஃப்ளான் டேப், சிட்ரிக் ஆசிட், 0.1 கிராம் காட்டும் தராசு. கழற்றும் ஒவ்வொரு வயரையும் முதலில் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சில சோதனைகளுக்கு மூடி திறந்த நிலையிலேயே கரண்ட் கொடுக்க வேண்டியிருக்கும். 230 வோல்ட் ஓடும் முனைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். வயரை மாற்றுவதெல்லாம் பிளக் வெளியே இருக்கும்போதுதான். பிளக் உள்ளே போனபின் கண்ணால் பார்ப்பது மட்டும். இது கைவராது என்று தோன்றினால் அந்தச் சோதனைகளை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

## பம்ப் சத்தம் கேட்கிறது, தண்ணீர் வரவில்லை

வழக்கத்தைவிடச் சத்தம் கூடி, உலர்ந்த கரகரப்பு கேட்டால் ஏர் லாக். போர்வெல் மோட்டாரில் ஏர் பிடிப்பது போலத்தான். டேங்க் காலியான பிறகும் பம்ப் ஓடியிருந்தாலோ, பாய்லரைக் காலி செய்து திரும்ப நிரப்பினாலோ இது வரும்.

டேங்கை எடுத்து, ஹோஸ் மடங்கியிருக்கிறதா, அதன் முனை தண்ணீருக்குள் இருக்கிறதா பாருங்கள். முனையில் சாஃப்ட்னர் பை அல்லது பில்டர் மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். புது பையில் காற்று நின்றுவிடுவது சாதாரணம். டேங்க் அடியில் வால்வு உள்ள மாடல் என்றால் டேங்கை அழுத்தி உட்கார வையுங்கள்.

அப்படியும் வரவில்லை என்றால், சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து பம்புக்குப் போகும் ஹோஸுக்குள் செலுத்துங்கள். ஹேண்டில் மாட்டாமல் குரூப் லீவரைத் தூக்கி, 10 விநாடி ஓட்டி நிறுத்தி, மறுபடி ஓட்டுங்கள். வைப்ரேஷன் பம்ப் எதிரழுத்தம் இருந்தால் காற்றைத் தள்ளாது. வெளிவழி திறந்திருக்க வேண்டும். பாய்லர் பக்கம் காற்று நின்றால் மெஷின் ஆறிய நிலையில் ஸ்டீம் வால்வைத் திறந்து வைத்து நிரப்புங்கள்.

ஏர் லாக் அடிக்கடி திரும்பி வந்தால், சூடாக இருக்கும்போது டேங்க் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தாலோ, டேங்கில் குமிழி வந்தாலோ, பம்புக்குப் பின்னால் உள்ள செக் வால்வு பின்னோக்கி விடுகிறது. விலை குறைந்த பாகம், உடனே மாற்றுங்கள். வெந்நீர் திரும்பி வந்தால் பம்பின் ரப்பர் சீல்கள் கெட்டுப்போகும்.

சிரிஞ்சில் தண்ணீர் கொடுத்தும் வெறும் அதிர்வு மட்டும் இருக்கிறது என்றால் பிஸ்டனோ உள் வால்வோ உப்பில் ஒட்டியிருக்கிறது. பிரித்துச் சுத்தம் செய்வதைவிட மாற்றுவது நல்லது. வாங்கும்போது வோல்ட், வாட்ஸ், ஹெர்ட்ஸ் மூன்றும் பொருந்த வேண்டும். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த 120 வோல்ட் மெஷினை டிரான்ஸ்ஃபார்மரில் ஓட்டுபவர்கள் கவனிக்க: டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், 50 ஹெர்ட்ஸ் 50 ஆகவே இருக்கும். 60 ஹெர்ட்ஸ் பம்ப் அதில் குறைந்த தண்ணீர் தள்ளும், கூடுதலாகச் சூடாகும். பம்ப் வெளிவாய் பிளாஸ்டிக் என்றால் ஸ்பேனரால் இறுக்கிவிடாதீர்கள், விரிசல் விடும்.

## பம்ப் சத்தமே இல்லை

முதலில் டேங்க் சென்சார். மிதவைக் காந்தம் ஒட்டிக்கொள்வது, டேங்க் சரியாக உட்காராதது ஆகிய இரண்டும்தான் இங்கே அதிகம்.

அரைமணி நேரம் கழித்து தானாக ஓடினால், பம்பின் மேல் கிளிப் போட்டிருக்கும் தெர்மல் கட்-அவுட் வேலை செய்திருக்கிறது. உல்கா இபி5 பம்ப் லேபிளிலேயே 2 நிமிடம் ஓட்டு, 1 நிமிடம் நிறுத்து என்று போட்டிருக்கும். எதிரழுத்தம் இல்லாமலே நிமிடத்துக்கு சுமார் 650 மில்லிதான் தள்ளும் பம்ப், ஒன்றரை லிட்டர் பாய்லரைக் காலியிலிருந்து நிரப்ப 2 நிமிடத்துக்கு மேல் எடுக்கும். ஆகவே முதல் நிரப்பலில் நீங்களே இடையில் அணைத்து ஓய்வு கொடுங்கள். பல கன்ட்ரோல் பாக்ஸ்கள் குறிப்பிட்ட நேரத்தில் மட்டம் எட்டாவிட்டால் நிரப்புவதை நிறுத்திக்கொள்ளும். சுவிட்சை அணைத்துப் போட்டால் மறுபடி தொடங்கும். இதைப் பழுது என்று எண்ணிப் பெட்டியை மாற்றியவர்கள் உண்டு.

மல்டிமீட்டரில் பம்பின் ஓம் அளந்து முடிவுக்கு வரவேண்டாம். உள்ளே டயோடு இருப்பதால் நல்ல பம்பும் அறுந்ததுபோல் காட்டும். ஓட வேண்டிய நேரத்தில் பம்ப் முனையில் 230 வோல்ட் வருகிறதா என்பதே சோதனை (மீட்டர் வயரைப் பிளக் வெளியே இருக்கும்போதே மாட்டி வையுங்கள்). வந்தும் ஓடவில்லை என்றால் பம்ப் போயிற்று. வரவில்லை என்றால் தெர்மல் கட்-அவுட், லீவர் மைக்ரோ சுவிட்ச், பெட்டி என்று பின்னோக்கிப் போக வேண்டும்.

## ஓடுகிறது, ஆனால் பிரஷர் 9 பார் வரவில்லை

துளையில்லாத பில்டரை மாட்டி 10 விநாடி ஓட்டுங்கள். 9, 10 பார் ஏறினால் மெஷினில் குறையில்லை. அரைப்பதைப் பொடியாக்குங்கள், அல்லது தூளைக் கூட்டுங்கள்.

ஏறவில்லை என்றால் தண்ணீர் எங்கே போகிறது என்று தேடுங்கள். ஓபிவி என்பது அழுத்தம் மிஞ்சினால் தண்ணீரை டேங்குக்குத் திருப்பும் வால்வு. அதன் குழாயில் தாராளமாகக் கொட்டினால் அந்த வால்வில் தூசி சிக்கியிருக்கிறது, அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. கழற்றிக் கழுவி, வலப்புறம் கால் திருப்பாகத் திருகி அளவு பாருங்கள். கீழ்த் தட்டில் ஒழுகினால் குரூப் வால்வு ரப்பர். இரண்டும் இல்லை என்றால், நிரப்பும் சோலனாய்டு வழியாகத் தண்ணீர் பாய்லருக்குள் நழுவுகிறதா பாருங்கள். அடுத்த பகுதியில் வழி இருக்கிறது.

மாலையில் மட்டும் பிரஷர் குறைந்தால் வீட்டு வோல்டேஜை அளக்கவும். 200-க்குக் கீழே வைப்ரேஷன் பம்ப் சோர்ந்துவிடும். ஸ்டெபிலைசர் வாங்குவதானால் ஹீட்டரையும் சேர்த்துக் கணக்கிட்டு 3 கேவிஏ. இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் பம்ப் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

## பாய்லர் நிற்காமல் நிரம்புகிறது

ஸ்டீம் குழாயில் ஆவிக்குப் பதில் தண்ணீர் சீறும், மேலே உள்ள வேக்குவம் பிரேக்கரில் (பாய்லர் ஆறும்போது காற்றை உள்ளே விடும் சிறு வால்வு) நீர் கொப்பளிக்கும், முற்றினால் சேஃப்டி வால்வு திறக்கும். உடனே அணைத்து, வெந்நீர்க் குழாயில் அரை லிட்டர் இறக்குங்கள். பிறகு, எப்போது நிரம்புகிறது என்று கவனியுங்கள். காரணம் அதிலேயே பிரிந்துவிடும்.

### பம்ப் தானாக ஓடிக்கொண்டே இருக்கிறது

புரோப் தண்ணீரைத் தொட்டதை பெட்டி உணரவில்லை. பெட்டி மெல்லிய மின்னோட்டம் ஒன்றை புரோப்பில் அனுப்புகிறது. அது தண்ணீர் வழியாக பாய்லர் உடம்பை எட்டினால் நிறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். சோதனை இதுதான்:

1. பிளக்கை எடுத்துவிட்டு, புரோப் தலையிலிருந்து வயரைக் கழற்றுங்கள்.
2. அந்த வயர் நுனியை முதலைக் கிளிப்பால் பாய்லரின் வெறும் உலோகத்தில் மாட்டுங்கள்.
3. பிளக் போட்டு 10 விநாடி மட்டும் பாருங்கள்.

பம்ப் ஓடாவிட்டால் பெட்டி நன்றாக இருக்கிறது. குறை தண்ணீரிலோ புரோப்பிலோ. அப்போதும் ஓடினால் பெட்டியிலிருந்து பாய்லருக்கு வரும் எர்த் வயரின் முனையைச் சுரண்டி இறுக்குங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பெட்டி.

நம் ஊர் வீடுகளில் அதிகம் குற்றவாளி தண்ணீர்தான். ஆர்ஓ தண்ணீரின் டிடிஎஸ் பல வீடுகளில் 20-க்குக் கீழே இருக்கிறது. மின்னோட்டம் போகப் போதிய உப்பு அதில் இல்லை. ஏசியில் சொட்டும் தண்ணீரும் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரும் இன்னும் மோசம். இந்தக் கோளாறு பாய்லரை முழுக்க வடித்து நிரப்பிய மறுநாளே தலைகாட்டுவதற்கும் காரணம் உண்டு. ஆவி போனாலும் உப்பு உள்ளேயே தங்கும். நாள்பட்ட பாய்லர் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கும், புதுத் தண்ணீரில் இருக்காது.

உறுதிப்படுத்த, ஆறிய மெஷினில் புரோப்பைக் கழற்றி, 0.2 கிராம் சமையல் சோடாவை 20 மில்லி தண்ணீரில் கரைத்து அந்தத் துளை வழியாகச் செலுத்தி, புரோப்பைத் திரும்ப மாட்டி ஓட்டுங்கள். மட்டம் எட்டியதும் பம்ப் நின்றால் நோய் தெரிந்துவிட்டது. நிரந்தர மருந்து: 20 லிட்டர் ஆர்ஓ கேனுக்கு 2 கிராம் சமையல் சோடா, அதாவது லிட்டருக்கு 0.1 கிராம். பொட்டாசியம் பைகார்பனேட் கிடைத்தால் அதே அளவு. சுவைக்கு அது இன்னும் நல்லது. இரண்டிலும் கால்சியம் இல்லாததால் சுண்ணாம்பு படியாது.

சாப்பாட்டு உப்பைப் போடாதீர்கள். மின்னோட்டம் போகும், ஆனால் குளோரைடு பாய்லரை அரிக்கும். பியூரிஃபையரில் உள்ள டிடிஎஸ் திருகைத் திறந்துவிடுவதும் வேண்டாம். அது வடிகட்டாத தண்ணீரைக் கலக்கும் வழி. போர்வெல் வீடுகளில் கடினத்தன்மையும் குளோரைடும் அதோடு சேர்ந்தே வந்துவிடும்.

தண்ணீர் சரி என்றால் புரோப்பைக் கழற்றுங்கள். அதற்குமுன் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று மார்க்கரால் கோடு போடுங்கள். நுனியில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ மேலோடு படிந்திருந்தால், லிட்டருக்கு 30 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்த சுடுநீரில் அரைமணி நேரம் நிறுத்தி, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் பளபளவென்று தேய்த்து மாட்டுங்கள்.

ஆழத்தை மாற்றி அமைப்பதும் ஒரு மாடிஃபிகேஷன்தான். புரோப்பை உயர்த்தினால் தண்ணீர் கூடும், தாழ்த்தினால் ஆவிக்கு இடம் கூடி ஸ்டீம் உலர்வாக வரும். தாழ்த்துபவர்கள் ஹீட்டரின் உச்சிக்கு மேல் குறைந்தது 10 மி.மீ. விட்டு நிறுத்துங்கள்.

### பம்ப் நிற்கிறது, காபி இறக்கும்போதெல்லாம் மட்டம் ஏறுகிறது

நிரப்பும் சோலனாய்டு முழுதாக மூடவில்லை. டீஸ்கேல் செய்த (படிந்த சுண்ணாம்பைக் கரைத்து நீக்கிய) ஓரிரு நாளில் இது தொடங்கினால் சந்தேகமே வேண்டாம். உதிர்ந்த சுண்ணாம்புத் துணுக்கு வால்வின் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறது. மெஷின் ஆறியபின் சோலனாய்டிலிருந்து பாய்லருக்குப் போகும் குழாயைக் கழற்றி, துளையில்லாத பில்டருடன் பம்பை ஓட்டுங்கள். புரோப் வயரை முன்போல உலோகத்தில் மாட்டி வையுங்கள், இல்லாவிட்டால் பெட்டியே வால்வைத் திறந்துவிடும். பாய்லர் பக்கம் திறந்திருப்பதால் ஹீட்டர் வயரையும் கழற்றி முனையை டேப் சுற்றிவிடுங்கள்.

சோலனாய்டு வாயில் சொட்டினால் காயில் நட்டைக் கழற்றி, தண்டுக் குழாயைத் திருகி எடுங்கள். உள்ளே ஸ்பிரிங்கும் உலோகத் தண்டும், தண்டின் அடியில் சிறு ரப்பர் வட்டமும் இருக்கும். ரப்பரில் வளையமாகப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். தூசி மட்டும் என்றால் கழுவி மாட்டலாம். பள்ளம் ஆழமாக இருந்தால் வால்வையே மாற்றுங்கள்.

சோலனாய்டு சொட்டவில்லை, கழற்றிய பாய்லர் வாயிலிருந்தோ உள்ளே மட்டத்திலோ தண்ணீர் ஏறுகிறது என்றால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் குழாயில் ஓட்டை. இது வீட்டில் முடிகிற வேலை இல்லை. பாய்லரோடு கொண்டுபோய், அழுத்தக் கலங்களில் வெள்ளிப் பற்றவைப்பு செய்து பழகியவரிடம் கொடுங்கள். சாதாரண ஈயப் பற்று இந்த வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஆகாது.

## பாய்லர் நிரம்பவே இல்லை

நிரம்பி வழிவதைவிட இது ஆபத்து. தண்ணீர் இல்லாமல் ஹீட்டர் எரிந்தால் எலிமென்ட் வெடிக்கும். சந்தேகம் வந்த உடனே பிளக்கை எடுங்கள்.

புரோப் வயரைக் கழற்றி, முனை எதிலும் படாமல் டேப் சுற்றி, பிளக் போடுங்கள். பெட்டிக்கு இப்போது பாய்லர் காலி என்று அர்த்தம். பம்ப் ஓடி, சோலனாய்டு டக்கென்று ஒலிக்க வேண்டும்.

ஓடினால் புரோப் எங்கோ உடம்போடு ஷார்ட் ஆகிறது. பெரும்பாலும் புரோப் தலையில் ஆவி கசிந்து ஈரமாக இருக்கும். துடைத்து, டெஃப்ளான் வாஷரை மாற்றுங்கள். பாய்லரை வடித்தபின் புரோப்புக்கும் பாய்லருக்கும் இடையே ஓம் அளந்தால் முழுதாகத் துண்டித்ததாகக் காட்ட வேண்டும்.

பம்ப் ஓடியும் நிரம்பவில்லை, பம்ப் கேஜ் மட்டும் உயரத்தில் நிற்கிறது என்றால் வழி அடைத்திருக்கிறது. சோலனாய்டு காயிலின் ஓம் அளந்து பாருங்கள். சில நூறு முதல் ஓரிரு ஆயிரம் வரை இருந்தால் உயிரோடு இருக்கிறது, எல்லையற்றதாகக் காட்டினால் எரிந்துவிட்டது. காயில் சரி என்றால் வால்வின் நுழைவாயிலில் சுண்ணாம்பு.

எதுவுமே நடக்கவில்லை என்றால் டேங்க் சென்சார், நேரம் கடந்து நின்றுவிட்ட பெட்டி, பிறகு பெட்டியே.

சூடு மிஞ்சினால் ஹீட்டரைத் துண்டிக்கும் ஹை-லிமிட் தெர்மோஸ்டாட்டின் பட்டன் தெறித்திருந்தால், நிரம்பாததற்குக் காரணம் தெரியாமல் அதை அமுக்காதீர்கள். ஹீட்டரையும் சோதியுங்கள்: 230 வோல்டில் 1400 வாட்ஸ் எலிமென்ட் சுமார் 38 ஓம் காட்டும். எலிமென்டுக்கும் உடம்புக்கும் இடையே எதுவும் காட்டக் கூடாது. மெஷின் சூடானபின் வீட்டு ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது என்றால் எலிமென்ட் உறை கசிகிறது. அதற்குமேல் ஓட்டாமல் மெக்கானிக்கை அழையுங்கள். எர்த்தைத் துண்டித்து ஓட்டிக்கொள்ளச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

## சும்மா இருக்கும்போதே சில நிமிடத்துக்கு ஒருமுறை நிரப்புகிறது

எங்கோ ஆவி போகிறது. வேக்குவம் பிரேக்கர், சேஃப்டி வால்வு, ஸ்டீம் குழாய் நுனி மூன்றின் மேலும் குளிர்ந்த ஸ்பூனைப் பிடியுங்கள். பனி படரும் இடம்தான். வேக்குவம் பிரேக்கருக்கு ஓ-ரிங் மாற்றினால் போதும். சேஃப்டி வால்வு கசிந்தால் அதே அளவுள்ளதாக, பெரும்பாலும் 1.8 பார், புதிதாக வாங்கி மாட்டுங்கள். அதை அடைப்பதோ உயர்ந்த அளவு போடுவதோ உயிரோடு விளையாடுவது.

காபி இறங்கும் நடுவில் நிரப்பத் தொடங்கி பிரஷர் சரிவது பழுது இல்லை. எளிய பெட்டிகள் அப்படித்தான் நடந்துகொள்ளும். முதலில் ஸ்டீம் அடித்து, நிரப்பி முடிக்கவிட்டு, பிறகு காபி இறக்குங்கள்.

## ரோட்டரி பம்ப் மாற்றியபின் வருபவை

இரைச்சல், பிரஷர் ஆட்டம். உறிஞ்சும் பக்கம் இறுகல். வைப்ரேஷன் பம்பின் மெல்லிய ஹோஸ் போதாது. உள்விட்டம் 8 மி.மீ. ஹோஸ், முடிந்தவரை நேராக. டேங்கின் அடிமட்டம் பம்புக்கு மேலே இருக்க வேண்டும். டேங்க் சென்சார் இல்லாமல் ரோட்டரி வைக்காதீர்கள். உலர்ந்து ஓடினால் கார்பன் தகடுகள் தேய்ந்து பம்ப் போய்விடும்.

ஓபிவி குழாயில் எப்போதும் கொட்டுகிறது. ரோட்டரிக்குள்ளேயே பைபாஸ் உண்டு. 9 பாருக்குப் பழைய ஓபிவியும் நின்றால் இரண்டும் மோதும். ரோட்டரியின் பக்கத் திருகில் 9 பார் வைத்து, ஓபிவியை 12 வரை உயர்த்துங்கள். ஆனால் கழற்றிவிடக் கூடாது. ஹீட் எக்ஸ்சேஞ்சரில் அடைபட்ட தண்ணீர் சூடாகி விரியும்போது அதற்குப் போக்கிடம் அதுதான்.

பம்ப் நிற்கவே இல்லை. 48 வாட்ஸ் வைப்ரேஷன் பம்புக்கான பெட்டி ரிலேயில் நேரடியாக ரோட்டரி மோட்டாரைக் கொடுத்தால், தொடக்க மின்னோட்டத்தில் ரிலே முனைகள் ஒட்டிக்கொள்ளும். புரோப் வயரை உலோகத்தில் மாட்டியும் லீவரை இறக்கியும் ஓடினால் இதுவே. பெட்டியை மாற்றும்போது, பெட்டி ஒரு கான்டாக்டரை (பெரிய மின்னோட்டம் தாங்கும் ரிலே) மட்டும் இயக்கும்படியும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கும்படியும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு வயரிங் செய்யுங்கள்.

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் இல்லை. கப்ளிங் கிளாம்ப் தளர்ந்து தண்டு சுற்றாமல் இருக்கலாம். இல்லையென்றால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றுகிறது.

நேரடிக் குழாய் இணைப்பு. மாடித் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் 1 பார். 3 மீட்டருக்கு 0.3 பார்தான் கிடைக்கும், வழியில் பில்டர் இருந்தால் அதுவும் மிஞ்சாது. பிரஷர் பூஸ்டர் வைத்த வீட்டில் நேர்மாறான தொல்லை: வரும் அழுத்தம் ஏறினால் காபி அழுத்தமும் கூடவே ஏறும். இணைப்பில் 2, 3 பாருக்கு ரெகுலேட்டர் வைத்து, அது சீராக நின்றபின் பம்ப் திருகைச் சரிசெய்யுங்கள்.

டேங்க் மெஷினில் சோலனாய்டு நழுவினால் பம்ப் ஓடும்போது மட்டும்தான் பாய்லர் நிரம்பும். நேரடிக் குழாயில் மெஷின் அணைந்திருந்தாலும் இரவு முழுக்க நிரம்பி, வேக்குவம் பிரேக்கர் வழியாக சமையலறையில் கொட்டும். சுவரிலிருந்து வரும் குழாயில் கைக்கெட்டும் இடத்தில் பால் வால்வு ஒன்று போட்டு, மெஷினை அணைக்கும்போதெல்லாம் அதையும் மூடுங்கள்.